‘ஓகே’ என்ற இரண்டெழுத்துச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓகே என்பது எதன் சுருக்கம்?

‘எல்லாம் சரி’ என்று பொருள்படும் ‘ஆல் கரெக்ட்’ என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. முறையாக எழுதினால் அந்தத் தொடரின் முதலெழுத்துகள் ‘ஏ’யும் ‘சி’யும்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர் காதில் விழுந்தபடி எழுதுவதுபோல ‘ஓல் கொரெக்ட்’ என்று வேண்டுமென்றே பிழையாக எழுதி, அந்தப் பிழையின் முதலெழுத்துகளை எடுத்துக்கொண்டதால்தான் ‘ஓ’வும் ‘கே’யும் கிடைத்தன. உலகில் மிகுதியாகப் புழங்கும் சொற்களுள் ஒன்று ஒரு பத்திரிகை வேடிக்கையிலிருந்து பிறந்தது என்பதைப் பலரால் ஏற்க முடிவதில்லை. இதற்கு இத்தனை பிறப்புக் கதைகள் கிளம்பியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த வேடிக்கை எங்கே, எப்போது அச்சேறியது?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெளிவந்த ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழில், 1839 மார்ச் 23 அன்று. அதன் ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன். பக்கத்து ஊரான பிராவிடன்ஸின் பத்திரிகை ஆசிரியரைச் சீண்டி எழுதிய ஒரு குறிப்பின் நடுவே ‘ஓ.கே.’ என்று போட்டு, ஒரு கோடிட்டு, ‘ஆல் கரெக்ட்’ என்று அதற்கான பொருளையும் சேர்த்தே அச்சிட்டிருந்தார்கள். புதிய சுருக்கம் என்பதால் வாசகருக்கு விளங்காமல் போகலாம் என்று கருதி விளக்கம் தந்திருக்கிறார்கள். சொற்பிறப்பு ஆராய்ச்சியில் இப்படிப் பிறப்புச் சான்றிதழோடு ஒரு சொல் அகப்படுவது அரிது.

அந்நாளைய பாஸ்டன் பத்திரிகைகளில் இவ்வாறு சுருக்குவது ஒரு மோகமாகவே இருந்தது. ‘ஆல் ரைட்’ என்பதைப் பிழையாக எழுதி ‘ஓ.டபிள்யூ.’ என்றார்கள், ‘பயனில்லை’ என்று பொருள்படும் ‘நோ யூஸ்’ என்பதையும் அவ்வாறே சிதைத்து ‘கே.ஒய்.’ என்றார்கள், ‘அற்ப விஷயம்’ என்பதற்கு எஸ்.பி., ‘நடக்காது’ என்பதற்கு என்.ஜி. என்று பட்டியல் நீள்கிறது. இன்றைய இளைஞர்கள் கைப்பேசியில் எழுதும் சுருக்கங்களைக் கண்டு மொழி கெட்டுவிட்டதாக வருந்துவோர், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் படித்தவர்கள் நடத்திய பத்திரிகைகளே அதைத்தான் செய்தன என்பதைக் கருத்தில் கொள்ளலாம்.

ஓர் இடைக்குறிப்பு. தமிழ்த் திரைப்படப் படப்பிடிப்புகளில் சரியாக அமைந்த காட்சியை ‘ஓகே ஷாட்’ என்றும், சரியாக அமையாததை ‘என்.ஜி.’ என்றும் குறிப்பார்கள். படப்பிடிப்புத் தளத்தில் அந்த இரண்டெழுத்துக்கு ‘நோ குட்’ என்று விரிவு சொல்வார்கள். பாஸ்டனில் அது ‘நோ கோ’. விரிவு வேறானாலும், அந்தக் காலத்து எழுத்து ஜோடிகள் இரண்டு இன்றும் அருகருகே புழங்கும் இடம் அது.

மற்றச் சுருக்கங்கள் எல்லாம் மறைந்துபோக, இது மட்டும் எப்படித் தப்பியது?

முதற்காரணம் ஒரு தேர்தல். 1840ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில், பதவியில் இருந்த மார்ட்டின் வான் பியூரன் மீண்டும் போட்டியிட்டார். அவர் நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹுக் என்ற சிற்றூரில் பிறந்தவர். டச்சு மொழி பேசும் குடும்பத்தில் வளர்ந்து ஆங்கிலத்தைப் பின்னர் கற்றவர். சொந்த ஊரை வைத்து அவருக்கு ‘ஓல்ட் கிண்டர்ஹுக்’ என்ற செல்லப்பெயர் உண்டு. அதன் முதலெழுத்துகளும் ஓ, கே என்றே அமைந்துவிட்டதால், நியூயார்க்கில் இருந்த அவருடைய ஆதரவாளர்கள் 1840 மார்ச்சில் ‘ஓ.கே. கிளப்’ என்று ஓர் அமைப்பையே தொடங்கினார்கள். கிண்டர்ஹுக்காரர், எல்லாம் சரி என்னும் இரண்டு பொருளும் ஒரே முழக்கத்துக்குள் அடங்கின.

எதிர்க்கட்சியான விக் கட்சியினர் அதே எழுத்துகளைப் பிடுங்கித் திருப்பி அடித்தார்கள். தோற்ற பிறகு வான் பியூரன் ‘கிண்டர்ஹுக்குக்குப் போகவேண்டியதுதான்’ என்று ஒரு விரிவு. கையில் காசும் இல்லை, கடன் கொடுக்க ஆளும் இல்லை என்று இன்னொரு விரிவு. தேர்தலில் வான் பியூரன் தோற்றார், வில்லியம் ஹென்றி ஹாரிசன் வென்றார். ஆனால் இரு தரப்பும் மாதக்கணக்கில் கூவித் தீர்த்ததால், பாஸ்டன் வாசகர்கள் சிலரின் விளையாட்டாக இருந்த இரண்டெழுத்து நாடெங்கும் தெரிந்த ஒன்றாகிவிட்டது. வேட்பாளரின் ஊர்ப்பெயர் வேறோர் எழுத்தில் தொடங்கியிருந்தால் நாம் இன்று ஓகே சொல்லிக்கொண்டிருப்போமா என்பது ஐயமே.

ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாததால் வந்த சொல் என்கிறார்களே?

அது அதே தேர்தல் களத்தில் கட்டிவிடப்பட்ட கதை. வான் பியூரனுக்கு முன் தலைவராக இருந்தவர் ஜாக்சன். இருவரும் ஒரே கட்சி. ஜாக்சன் அதிகம் படிக்காதவர் என்ற பேச்சும் ஊரில் இருந்தது. எனவே, அவர் கோப்புகளில் ‘ஆல் கரெக்ட்’ என்று எழுத நினைத்துப் பிழையாக எழுதி, ஓ.கே. என்று ஒப்பமிட்டார் என்று எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் 1840இல் எழுதின. அவர் அவ்வாறு ஒப்பமிட்ட ஒரு தாளும் இதுவரை கிடைக்கவில்லை.

பின்னர் 1790ஆம் ஆண்டைச் சேர்ந்த டென்னசி நீதிமன்றப் பதிவேடு ஒன்றில் ஜாக்சன் பெயருக்கு அருகில் ‘ஓ.கே.’ இருக்கிறது என்று 1859இல் வெளிவந்த ஒரு வரலாற்று நூல் கூறியது. பதிவேட்டை நேரில் ஆராய்ந்தவர்கள், அது ‘ஓ.ஆர்.’ என்று தெளிவாக்கினார்கள்: ‘பதிவுசெய்ய ஆணையிடப்பட்டது’ என்ற நீதிமன்றச் சொற்றொடரின் சுருக்கம். கையெழுத்தின் ஒரு வளைவைத் தவறாகப் படித்ததில் ஒரு சொல்லின் வயது ஐம்பது ஆண்டு கூடிவிட்டிருந்தது. ஆயினும் இந்தப் பொய்க்கதை ஓகேவுக்கு நன்மையே செய்தது. வான் பியூரனோடு மறைந்திருக்கக்கூடிய சுருக்கத்தை ‘ஒப்புதல் தரும் கையொப்பம்’ என்ற பொருளோடு மக்கள் மனத்தில் நிறுத்தியது இந்தக் கதைதான். கதையை நம்பிய எழுத்தர்கள் தாங்களும் கோப்புகளில் அவ்வாறே எழுதத் தொடங்கினார்கள்.

தந்தித் துறைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1844இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸின் தந்தி ஓடத் தொடங்கியபோது, செய்தி முழுமையாக வந்து சேர்ந்ததைத் தெரிவிக்கச் சுருக்கமான ஒரு மறுமொழி தேவைப்பட்டது. அமெரிக்க மோர்ஸ் குறியீட்டில் ‘ஓ’ என்பது சிறு இடைவெளி விட்ட இரண்டு புள்ளிகள். ‘கே’ என்பது கோடு, புள்ளி, கோடு. நொடியில் தட்டிவிடலாம், வேறொன்றோடு குழம்பவும் வாய்ப்புக் குறைவு. பெறும் நிலையம் ஓ.கே. கொடுக்கும்வரை செய்தி அனுப்பப்பட்டதாகக் கருதப்படாது என்ற வழக்கம் 1860களில் நிலைபெற்றிருந்தது. ரயில்வே நிர்வாகமும் தந்தியைச் சார்ந்தே இயங்கியதால் அங்கும் இச்சொல் பரவியது. அரசியல் கூச்சல் சொல்லை அறிமுகப்படுத்தியது. தந்தி அதற்கு ஒரு வேலை கொடுத்தது.

இவற்றையெல்லாம் கண்டுபிடித்தவர் யார்?

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். வான் பியூரன் தொடர்பை 1941இல் எழுதினார். பழைய நாளிதழ்களைத் தொடர்ந்து புரட்டி, 1839ஆம் ஆண்டுச் சான்றோடு ‘அமெரிக்கன் ஸ்பீச்’ என்ற ஆய்விதழில் 1963, 1964 ஆகிய ஆண்டுகளில் கட்டுரைத் தொடராக வெளியிட்டார். கணினியில் தேடும் வசதியில்லாத காலத்தில், மங்கிய அச்சுப் பக்கங்களைக் கண்ணால் படித்துச் செய்த வேலை அது. பெரிய ஆங்கில அகராதிகள் இன்று அவருடைய முடிவையே பின்பற்றுகின்றன.

அமெரிக்கப் பழங்குடியினரின் சொல் என்ற கருத்துக்கு ஆதாரம் உண்டா?

சோக்டா மொழியில் ‘அது அவ்வாறே’ என்று உறுதிப்படுத்தும் பொருளில் ‘ஓகே’ என்பதை ஒத்த ஒரு வாக்கிய இறுதி உண்டு. ஒலியும் பொருளும் ஒருங்கே பொருந்துவதால் இது நீண்டகாலம் செல்வாக்கோடு இருந்தது. குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் இதையே நம்பி, கோப்புகளில் சோக்டா ஒலிப்புக்கு ஏற்ற எழுத்துக்கூட்டலில் ஒப்புதல் எழுதிவந்தார். ஆனால் ஆங்கிலம் பேசியவர்கள் சோக்டாக்களிடமிருந்து இச்சொல்லைப் பெற்று வழங்கியதற்கு 1839க்கு முந்தைய எழுத்துச் சான்று காட்டப்படவில்லை; சோக்டாக்கள் வாழ்ந்த தெற்கு நிலப்பகுதிக்கும் பாஸ்டன் பத்திரிகை அலுவலகத்துக்கும் இடையில் எந்த வழியும் காட்டப்படவில்லை. ஒக்லஹோமா மாநிலத்தின் பெயர் சோக்டா மொழியில் ‘சிவந்த மக்கள்’ என்று பொருள்படுவது. அந்த மாநிலத்துக்கு அஞ்சல் துறை தந்த ஈரெழுத்துக் குறியீடு ஓ, கே. இது இனிய தற்செயல்தானே தவிர வேறொன்றுமில்லை.

ஆப்பிரிக்க மொழிகளிலிருந்து வந்திருக்க முடியாதா?

மற்றக் கருத்துகளைக் காட்டிலும் இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பிரிட்டன் மொழியியலாளர் டேவிட் டால்பி 1969 முதல் இதை வலியுறுத்தினார். செனகல், காம்பியா பகுதிகளில் பேசப்படும் ஓலோஃப் மொழியில் ‘வாவ் கே’ என்றால் ‘ஆம், நிச்சயமாக’ என்பதுபோலப் பொருள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்திருக்கலாம் என்பது அவர் வாதம். 1784இல் வெளிவந்த ஒரு பயண நூலில், அடிமையாக இருந்த ஒருவரின் பேச்சு ‘கே’ என்று தொடங்குவதாகப் பதிவாகியிருக்கிறது.

அடிமைகளின் பேச்சை எழுதிவைக்க அன்று எவரும் அக்கறை கொள்ளவில்லை. ஆகவே சான்று இல்லை என்பதை மட்டுமே வைத்து இக்கருத்தைத் தள்ளிவிடுவது நியாயமாகாது. ஆனாலும் ஒரு தடை எஞ்சுகிறது. 1839ஆம் ஆண்டுக் குறிப்பு இந்தச் சொல்லை எழுத்துச் சுருக்கமாகவே, புள்ளிகளோடும் விரிவோடும், தன்னையொத்த பல சுருக்கங்களின் நடுவே தருகிறது. பேச்சில் ஏற்கெனவே இருந்த ஆப்பிரிக்கச் சொல் ஒன்று அதன் பரவலுக்குத் துணைசெய்திருக்கலாம் என்பதுவரை நான் ஏற்பேன். பிறப்பிடம் அது என்பதை ஏற்க இயலவில்லை.

வேறு என்னென்ன கதைகள் உள்ளன?

கிரேக்கத்தில் ‘எல்லாம் நலம்’ என்று பொருள்படும் ‘ஓலா கலா’; ஸ்காட்லாந்துக்காரரின் ‘ஓக் ஐ’; ‘சரியான’ என்று பொருள்படும் ஃபின்னிஷ் மொழிச் சொல்; ஹைட்டியின் லே கே துறைமுகத்து ரம்; அமெரிக்க உள்நாட்டுப் போரில் ‘இறந்தவர் எவருமில்லை’ என்ற பொருளில் எழுதிய பூஜ்யமும் ‘கே’யும்; அதே போர்க்காலப் படைவீரர்களின் பிஸ்கட்டில் பதிந்த தயாரிப்பாளர் பெயரின் முதலெழுத்துகள். கடைசி இரண்டையும் தேதியே வீழ்த்திவிடுகிறது: உள்நாட்டுப் போர் தொடங்கியது 1861இல், சொல் அச்சேறி இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. மற்றவற்றுக்கு ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு துணை இல்லை.

தமிழ்ச் சொல்லாக இருக்கலாமே?

ஒலியை மட்டும் வைத்து முடிவுசெய்வதானால் தமிழிலும் ஒன்றைக் காட்டலாம். ‘உவகை’ மருவிய ‘ஓகை’ அகராதியில் இருக்கிறது. மகிழ்ச்சி என்று பொருள். இதைக் கொண்டு ஒரு கட்டுரையே எழுதிவிடலாம், ஆனால் அதில் பாஸ்டன் வராது. ஒரு சொல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வந்தது என்றால், எப்போது, யார் வாயிலாக, எந்த எழுத்தில் வந்தது என்பதற்குத் தடயம் வேண்டும். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவை ஆங்கிலத்துக்குப் போனதற்கு அப்படிப்பட்ட தடயம் உண்டு. வணிகர் குறிப்புகளிலும் பயண நூல்களிலும் அவற்றின் வழித்தடத்தைப் பின்தொடர முடியும்.

‘காசு’ என்பது நல்ல எச்சரிக்கை. இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயத்தை ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்று அழைத்தது போர்த்துக்கீசியர் வழியாக நம் ‘காசு’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆனால் ரொக்கம் என்ற பொருளில் வழங்கும் ‘கேஷ்’, பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே ஒலி, இரண்டும் பணம் தொடர்பானவை. ஆயினும் பிறப்பு வேறு.

ஓகே என்பதற்கு மொத்தம் எத்தனை பொருள்?

எண்ணிச் சொல்வதில் பயனில்லை. ஆங்கிலத்தில் அது பெயர்ச்சொல்லாகவும், வினைச்சொல்லாகவும், பெயரடையாகவும், வினையடையாகவும், தனித்து நிற்கும் இடைச்சொல்லாகவும் வருகிறது. கவனிக்கத்தக்கது வேறொன்று. அச்சொல் ஒன்றை ஏற்கிறதே தவிர அதைப் பாராட்டுவதில்லை. அறிக்கை ஓகே என்றால் அதில் தவறில்லை என்று பொருள். அது சிறந்த அறிக்கை என்று பொருளன்று. கீழே விழுந்தவரிடம் ஓகேயா என்று கேட்டு, அவரும் ஓகே என்றால், அடிபடவில்லை என்பதே சேதி. அவர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்பது அதில் இல்லை. மேலதிகாரியின் கட்டளைக்கு ஓகே என்பவர் அதைச் செய்வதாகச் சொல்கிறார். அது தமக்கு உவப்பானதா என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். தன் கருத்தை வெளிக்காட்டாமல் உடன்பட இத்தனை வசதியான சொல் கிடைத்ததுதான் அதன் வெற்றிக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு பணி உரையாடலை நடத்துவது. தொலைபேசி உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்த இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் ஆகியோர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், ஓகே போன்ற சொற்கள் ‘எனக்குச் சொல்ல வேறொன்றுமில்லை, உனக்கு உண்டா?’ என்று கேட்கும் வேலையைச் செய்வதையும், மறுமுனையும் அவ்வாறே சொன்ன பிறகே விடைபெறுவது முறையாகத் தொடங்குவதையும் காட்டினார்கள். தமிழில் இந்த வேலையைச் ‘சரி’ பன்னெடுங்காலமாகச் செய்துவருகிறது: “சரி, அப்ப வச்சிடட்டுமா?” என்று ஒருவர் சொல்ல, மறுமுனையிலிருந்தும் “சரி” என்று வராமல் தொலைபேசியை வைப்பது மரியாதைக் குறைவு. ‘சரி’ ஏற்கெனவே இருந்த இடத்தில்தான் ஓகே வந்து அமர்ந்தது. புதிய இடம் எதையும் அது உண்டாக்கிக்கொள்ளவில்லை.

தமிழில் அது ஆங்கிலத்தில் உள்ளபடியேதான் வழங்குகிறதா?

இல்லை. தமிழ் அதைத் தன் இலக்கணத்துக்குள் இழுத்துக்கொண்டது. வினையாக்க ‘பண்ணு’, ‘ஆகு’, ‘சொல்’ ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்கிறோம்: கடன் ஓகே ஆகிவிட்டது, பெண் பார்க்க வந்தவர்கள் ஓகே சொல்லிவிட்டார்கள். வினா எழுத்தும் ஏகாரமும் தடையின்றி ஒட்டுகின்றன. இருமுறை அடுக்கினால் பொருள் இறங்கிவிடுகிறது: படம் எப்படி என்ற கேள்விக்கு “ஓகே, ஓகே” என்று விடை வந்தால், டிக்கெட் வாங்குவதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம். ஆனால் ‘டபுள் ஓகே’ என்றால் முழுச் சம்மதம். இலங்கைத் தமிழில் உடன்பாட்டைக் குறிக்கும் ‘ஓம்’ இன்றும் உயிரோடு இருப்பதால், அங்கே இரண்டு ஓகாரச் சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் வழங்குகின்றன, ஒன்றுக்கொன்று உறவில்லை.

விண்வெளி வீரர்கள் சொல்லும் ‘ஏ-ஓகே’ என்பது என்ன?

‘முற்றிலும் நன்று’ என்ற அழுத்தமான வடிவம். ஆலன் ஷெப்பர்ட் 1961 மே 5 அன்று விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கர் ஆனபோது, நாசாவின் செய்தித் தொடர்பாளர் ஜான் பவர்ஸ் ஷெப்பர்ட் அவ்வாறு சொன்னதாகச் செய்தியாளர்களிடம் தெரிவித்தார், சொல் பிரபலமானது. உரையாடல் பதிவில் ஷெப்பர்ட் அதைச் சொன்னதாக இல்லை.

கணினித் திரையில் ஓகே பொத்தான் எப்படி வந்தது?

ஆப்பிள் நிறுவனம் 1983இல் விற்பனைக்குக் கொண்டுவந்த லிசா கணினியை வடிவமைத்தபோது, உறுதிசெய்யும் பொத்தானில் முதலில் ‘செய்’ என்ற பொருளில் ‘டூ இட்’ என்று எழுதியிருந்தார்கள். சோதனைக்கு வந்த ஒருவர் அதைத் தொடவே தயங்கினார். இரு சொற்களுக்கு இடையிலான இடைவெளி குறைவாக இருந்ததாலும், பெரிய ‘ஐ’ எழுத்து சிறிய ‘எல்’ போலத் தோன்றியதாலும், ‘முட்டாள்’ என்று பொருள்படும் ‘டோல்ட்’ என்று அவர் அதைப் படித்திருந்தார். கணினி எதற்காகத் தன்னைத் திட்டுகிறது என்று அவருக்குப் புரியவில்லை. அதன் பின்னரே ஓகே அந்த இடத்துக்கு வந்தது. இணையத்தில் நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போதும், அந்தப் பக்கத்தை அனுப்பும் கணினியான வழங்கியிலிருந்து வெற்றிகரமாக விடை வந்தால் அதன் தலைப்பில் ‘200 ஓகே’ என்ற குறியீடு நம் கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது. பெறும் தந்தி நிலையம் கொடுத்த மறுமொழியின் நேர் வாரிசு என்று இதைச் சொல்லலாம்.

விரல்களால் காட்டும் ஓகே சைகை எல்லா நாடுகளிலும் பொருந்துமா?

பொருந்தாது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த அந்த வட்டம் பிரான்ஸில் பூஜ்யம், அதாவது ஒன்றுக்கும் உதவாதது என்று பொருள்படக்கூடும். ஜப்பானில் பணத்தைக் குறிக்கும். பிரேசிலில் அது ஆபாசமான வசை. அமெரிக்காவில் வெள்ளை இனவெறியர்கள் சிலர் அதைத் தங்கள் அடையாளமாக்கிக்கொண்டதால், வெறுப்புக் குறியீடுகளைத் தொகுக்கும் அவதூறு எதிர்ப்புக் கழகம் 2019இல் அதையும் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலானோர் அதைப் பழைய பொருளிலேயே காட்டுகிறார்கள் என்பதையும் அக்கழகம் குறிப்பிட்டது. நீருக்கடியில் நீந்துவோருக்கு அதுவே கட்டாயச் சைகை. ஏனெனில் கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போகலாம்’ என்று பொருளாகிவிடும்.

நம் கோயில்களில் தட்சிணாமூர்த்தியின் வலக்கையில் காணும் சின்முத்திரையும் தோற்றத்தில் இதுவே. அங்கே அது ஞானோபதேசத்தைக் குறிப்பது. ஓகே என்ற சொல் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கல்லில் வடிக்கப்பட்டது. இரண்டையும் முடிச்சுப்போடும் படங்கள் கைப்பேசிக்கு வந்தால், மேலே ‘ஓகை’ பற்றிச் சொன்னதை அவற்றுக்கும் பொருத்திக்கொள்ளலாம்.

தமிழில் எழுதும்போது எந்த வடிவம் சரி?

ஆங்கிலத்திலேயே புள்ளியோடும் புள்ளியின்றியும், இரண்டெழுத்தாகவும் நான்கெழுத்தாகவும் எழுதுகிறார்கள், எல்லாமே ஏற்கத்தக்கவை. தமிழில் ‘ஓ.கே.’, ‘ஓகே’, ‘ஓக்கே’ என்று மூன்றும் அச்சில் காணப்படுகின்றன. சுருக்கம் என்ற நினைவே அற்றுப்போய்ச் சொல்லாகிவிட்ட நிலையில் புள்ளிகளுக்குத் தேவை இல்லை என்பதால், ‘ஓகே’ என்று எழுதுவதே பொருத்தம். கதையிலும் உரையாடலிலும் அதைத் தாராளமாக எழுதலாம்; விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் ‘ஒப்புதல் அளிக்கப்படுகிறது’, ‘சரி’, ‘ஏற்கிறேன்’ என்று இடத்துக்கேற்ப எழுதுவது நல்லது. அங்கே உடன்பட்டவர் எதற்கு உடன்பட்டார் என்பது ஐயமின்றித் தெரியவேண்டும். ஓகே என்ற சொல் அதை மறைத்துவிடக்கூடும்.